விஸ்கிட்ஸும் டயல் பொம்மைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய டயல் பொம்மைகள், அதாவது மேசையில் படை மோதவிட்டு ஆடும் சின்ன வீரர் பொம்மைகள், மறுபடியும் கண்ணில் படுகின்றன. தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு மாறும்போது அலமாரி மேலிருந்து இறங்கிய பெட்டி, வேலைக்காக கோலாலம்பூர் போன அண்ணன் விட்டுப்போன பை, ஆன்லைனில் மொத்தமாக வாங்கிய ஒரு குவியல் என்று எப்படியோ வந்து சேருகின்றன. கொண்டு வருபவர்கள் கேட்பது இவைதாம்: இது என்ன, கம்பெனி என்ன ஆனது, இன்னும் விளையாட முடியுமா, ஏன் இப்படிக் கையில் ஒட்டுகிறது? பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம்.

இவை எந்தக் கம்பெனியின் பொம்மைகள்?

அடித்தட்டைத் திருப்பினால் சுற்றும், ஒரு சின்ன ஜன்னலில் எண்கள் மாறும் என்றால் அது அநேகமாக விஸ்கிட்ஸ் நிறுவனத்துடையது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெல்வியூ நகரில் ஜோர்டன் வைஸ்மன் தொடங்கிய கம்பெனி. அவர் இந்தத் துறைக்குப் புதியவர் அல்லர். 1980-ல் ஃபாசா நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கி, பேட்டில்டெக், ஷேடோரன் ஆகிய விளையாட்டுகளை வளர்த்தவர்.

முதல் விளையாட்டு, மாயாஜால உலகத்துப் படைகளை மோதவிடும் மேஜ் நைட், 2000-ல் வந்தது. 2002-ல் மார்வெல், டிசி காமிக்ஸ் நாயகர்களை வைத்து ஹீரோகிளிக்ஸும், பேட்டில்டெக் உலகத்து இயந்திர வீரர்களை வைத்து மெக்வாரியர்: டார்க் ஏஜும் வந்தன. நம் பக்கம் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஹீரோகிளிக்ஸ்தான். ஸ்பைடர்மேனையும் பேட்மேனையும் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லையே.

அந்த டயலில் அப்படி என்ன விசேஷம்?

இது வருவதற்கு முன் பொம்மைப் படை விளையாட்டு என்றால் ஈயப் பொம்மையை வாங்கி, அராவி, ஒட்டி, வண்ணம் பூசி, தடித்த விதிநூலைப் படித்து, ஒவ்வொரு வீரனுக்கும் எவ்வளவு அடி விழுந்தது என்று தாளில் குறித்துக்கொண்டே ஆட வேண்டும். பாதிப் பேர் வண்ணம் பூசும் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள்.

விஸ்கிட்ஸ் அந்தத் தாளைப் பொம்மையின் காலடியிலேயே வைத்துவிட்டது. ஒரு ஹீரோகிளிக்ஸ் பொம்மையை எடுத்துப் பாருங்கள். வட்ட அடித்தட்டின் மேல்பாதியில் ஒரு வெட்டு. அதில் நான்கு எண்கள் தெரியும். காலணிப் படத்துக்கு அருகில் இருப்பது வேகம், முஷ்டிக்கு அருகில் தாக்குதல், கேடயத்துக்கு அருகில் தற்காப்பு, வெடிப்புப் படத்துக்கு அருகில் சேதம். ஓர் அடி விழுந்தால் கீழ்ப்பாதியை ஒரு கிளிக் திருப்புகிறோம். எண்கள் குறையும். எல்லாப் பொம்மைக்கும் ஒரேபோல் குறையாது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கைவண்ணம் இருக்கிறது. சிலர் அடிபட்டதும் தளர்வார்கள், சிலருக்கு நடுவில் தாக்குதல் எண் ஏறும். எண்ணுக்குப் பின்னால் நிறக் கட்டம் இருந்தால் அந்தக் கிளிக்கில் ஒரு சிறப்புத் திறன் உண்டு. எண் தீர்ந்து 'கேஓ' எழுத்து வந்துவிட்டால் பொம்மை மேசையை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

டயல் முறைக்கு வைஸ்மன் காப்புரிமையும் பெற்றிருந்தார். வண்ணம் பூசி முடித்த பொம்மை, கணக்கு எழுதத் தேவையில்லாத ஆட்டம், பெட்டியைப் பிரித்தால் அரை மணி நேரத்தில் விளையாடலாம். இத்தனையும் ஒன்றாக அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை.

ஒரே பொம்மைக்கு மஞ்சள், நீலம், சிவப்பு வளையம் எதற்கு?

தரநிலை. ஆரம்பகால ஹீரோகிளிக்ஸில் மஞ்சள் புதியவர், நீலம் அனுபவசாலி, சிவப்பு தேர்ந்தவர். வெள்ளி நிறம் அந்தத் தொடரில் ஒரே வடிவமாக மட்டும் வரும் தனிப்பொம்மை. மேஜ் நைட்டிலும் இதே நிற வரிசை உண்டு.

இதில் கம்பெனிக்குப் பெரிய லாபம் இருந்தது. பொம்மை வார்க்கும் உலோக அச்சுதான் செலவிலேயே கனமானது. ஒரே அச்சில் வார்த்து, டயல் தாளையும் வளைய நிறத்தையும் மாற்றினால் மூன்று பொம்மை ஆகிவிடும். வாங்கியவருக்கோ ஒரே முகம் மூன்று முறை வந்ததாகத் தோன்றும். ஆரம்ப உற்சாகத்தில் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு முணுமுணுப்பு வந்தது.

ஒரு தொடரை முழுதாகச் சேர்க்க எத்தனை பெட்டி வாங்க வேண்டியிருந்தது?

பெட்டிகள் மூடியே வரும். உள்ளே யார் என்று பிரித்தால்தான் தெரியும். கணக்கை எளிதாக்க, ஒரு தொடரில் 80 பொம்மைகள், பெட்டிக்கு 4, எல்லாம் சமமாகக் கலந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நிகழ்தகவுக் கணக்கின்படி 80-ஐயும் பிடிக்கச் சராசரியாக 397 பொம்மைகள் கையில் வர வேண்டும். அதாவது ஏறக்குறைய 100 பெட்டி. கடைசிப் பத்துப் பொம்மைகள்தாம் பாதிக்கு மேல் பணத்தைத் தின்னும். அரிய பொம்மைகளைக் குறைவாக அச்சிட்டால் கணக்கு இன்னும் மோசமாகும்.

அதனால்தான் மாற்றிக்கொள்வதும் ஒற்றைப் பொம்மை விற்பனையும் இந்த விளையாட்டோடு ஒட்டிப் பிறந்தன. மேஜ் நைட்டில் ஒரே சிப்பாய் ஐந்து வந்தாலும் படையில் நிறுத்தலாம். ஹீரோகிளிக்ஸில் ஐந்தாவது ஸ்பைடர்மேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உங்களுக்குக் கிடைத்த குவியலில் ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம்.

கம்பெனி எப்போது சரியத் தொடங்கியது?

ஒரே நாளில் விழவில்லை. உச்சத்தில் இருந்த 2003-லேயே விதை விழுந்தது என்பது எங்கள் கருத்து.

அந்த ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. பேஸ்பால் அட்டைக்கும் பாசூக்கா சூயிங்கத்துக்கும் பேர்போன டாப்ஸ் நிறுவனம் விஸ்கிட்ஸை ஏறத்தாழ 2.9 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. மேஜ் நைட்டின் விதிகள் திருத்தப்பட்டு இரண்டாம் பதிப்பாக மறுபடி வந்தன. முதல் மூன்று ஆண்டுகளில் பணத்தைக் கொட்டிப் படை சேர்த்தவர்களுக்கு இது கசந்தது. தாளில் அச்சிட்ட விதியைத் திருத்துவது எளிது. இங்கே விதி பொம்மையின் அடியில் ஒட்டியிருக்கிறது. விதி மாறினால் பொம்மையே பழசாகிவிடும். டயலின் பலமும் பலவீனமும் அந்த ஒரே இடத்தில்தான். மேஜ் நைட் அதன்பின் பழைய வேகத்தை எட்டவே இல்லை, சில ஆண்டுகளில் நின்றும் போனது.

அடுத்தது, அளவுக்கு மீறிய வரிசை. 2003 முதல் கிரிம்சன் ஸ்கைஸ், ஷேடோரன் டூயல்ஸ், பேஸ்பால் டயல் பொம்மைகள், ஹாரர்கிளிக்ஸ், ஹேலோ ஆக்‌ஷன்கிளிக்ஸ் என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் புது அச்சு, புது உரிமக் கட்டணம், கடையில் புது இடம் வேண்டும். ஆனால் கடைக்காரரின் கைப்பணமும், சனிக்கிழமை வந்து ஆடும் பையன்களின் எண்ணிக்கையும் அதேதான். பழைய தொடர் விற்கும் முன்பே புதுத் தொடர் வந்தால், கடைக்காரர் பழையதைப் பாதி விலைக்குத் தள்ளுவார். பாதி விலைக்கு அள்ளியவர் அடுத்த முறை முழு விலை கொடுக்கமாட்டார்.

போட்டியும் வந்தது. விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2003-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பொம்மைகளையும், 2004-ல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளையும் வண்ணம் பூசி, மூடிய பெட்டியில் விற்றது. அவற்றில் டயல் கிடையாது, விவரம் தனி அட்டையில் இருக்கும்.

டாப்ஸ் ஏன் மூடியது?

2007-ல் டாப்ஸே கைமாறியது. டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கல் ஐஸ்னரின் டோர்னாண்டே நிறுவனமும், மேடிசன் டியர்பார்ன் என்ற முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 38.5 கோடி டாலருக்கு வாங்கின. அடுத்த ஆண்டு உலகப் பொருளாதார நெருக்கடி. 2008 நவம்பர் 10 அன்று விஸ்கிட்ஸின் செயல்பாடுகளை நிறுத்துவதாக டாப்ஸ் அறிவித்தது.

விளையாட்டு செத்ததால் கம்பெனி மூடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹீரோகிளிக்ஸுக்கு அன்றும் ஆள் இருந்தார்கள். ஆனால் பொம்மை விளையாட்டில் பணம் முன்னால் போய்ப் பின்னால்தான் திரும்பும். அச்சு, சீனத் தொழிற்சாலைக் கூலி, கப்பல் கட்டணம், காமிக்ஸ் உரிமம் எல்லாவற்றுக்கும் முதலில் கொடுத்துவிட்டு, மாதங்கள் கழித்து விநியோகஸ்தரிடமிருந்து வசூலிக்க வேண்டும். அட்டையும் மிட்டாயும் விற்கும் முதலாளிக்கு, நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டத் தோன்றும் கிளை இதுவாகத்தான் இருக்கும். தன் காலிலேயே நின்றிருந்தால் சுருங்கியாவது பிழைத்திருக்கும் என்று நம்புகிறோம்.

அப்படியானால் இன்றும் கடைகளில் விஸ்கிட்ஸ் பெயர் எப்படி இருக்கிறது?

2009 செப்டம்பரில் நீக்கா என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் விஸ்கிட்ஸ் பெயரையும் ஹீரோகிளிக்ஸ் உள்ளிட்ட பெரும்பாலான சொத்துகளையும் வாங்கியது. ஹீரோகிளிக்ஸ் மறுபடி வரத் தொடங்கியது. மேஜ் நைட் 2011-ல் விளாடா க்வாடில் வடிவமைத்த பலகை விளையாட்டாக வந்தது. அதில் ஆட்டத்தை நடத்துவது பெரும்பாலும் அட்டைகள். பேட்டில்டெக், ஷேடோரன் இரண்டும் டாப்ஸிடமே தங்கின. அவற்றை கேட்டலிஸ்ட் கேம் லேப்ஸ் உரிமம் பெற்று வெளியிட்டது. அதனால் உங்களிடம் மெக்வாரியர் டயல் பொம்மை இருந்தால், அது பழைய விஸ்கிட்ஸ் காலத்துச் சரக்கு.

விதிநூல் இல்லை. குவியலை வைத்து ஹீரோகிளிக்ஸ் விளையாட முடியுமா?

முடியும். ஆளுக்கு 300 புள்ளிகளுக்குள் அணி சேருங்கள். புள்ளி அடித்தட்டிலேயே இருக்கும். 100 புள்ளிக்கு ஒரு செயல் என்று ஒரு முறைக்கு 3 செயல்கள். ஒரு செயலில் நகரலாம் அல்லது தாக்கலாம். இரண்டும் சேர்த்துச் செய்யத் தனித் திறன் வேண்டும். அடுத்தடுத்த இரு முறைகளில் அதே பொம்மையை இயக்கினால் அதற்கு 1 கிளிக் சேதம், மூன்றாம் முறை ஓய்வு.

தாக்க இரண்டு பகடை உருட்டி, தாக்குதல் எண்ணோடு கூட்டுங்கள். எதிரியின் தற்காப்பு எண்ணை எட்டினால் அடி விழும். 12 விழுந்தால் எப்போதும் அடிதான், சேதம் 1 கூடும். 2 விழுந்தால் எப்போதும் தவறும், அடித்தவருக்கே 1 கிளிக். தாக்குதல் 9, தற்காப்பு 16 என்றால் 7 வேண்டும், வாய்ப்பு 36-ல் 21. தற்காப்பு 18 ஆனால் 36-ல் 10 மட்டுமே. இரண்டே எண் கூடியதற்கு வாய்ப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. புதியவர்கள் தாக்குதல் எண்ணையே பார்த்து அணி சேர்ப்பார்கள். தற்காப்பைப் பாருங்கள்.

தரைப்படத்துக்கு இரண்டு மணிலா அட்டை போதும். நீளப் பக்கமாகச் சேர்த்து ஒட்டி, 36 அங்குல நீளம், 24 அங்குல அகலம் வெட்டி, 1.5 அங்குலக் கட்டங்கள் போடுங்கள். 24-க்கு 16 கட்டங்கள் வரும். ஒட்டை அடிப்பக்கம் போடுங்கள். மேலே செலோடேப் ஓடினால் விளக்கு வெளிச்சத்தில் கோடுகள் தெரியாது. நிறத் திறன்களின் பட்டியல் ஸ்டார்ட்டர் பெட்டியோடு வரும் அட்டையில் இருக்கும். அது கிடைக்கும்வரை நிறங்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் வைத்து ஆடலாம், ஆட்டம் ஓடும்.

பொம்மை கையில் பிசுபிசுவென ஒட்டுகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. பொம்மை செய்த மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில், அதை வளையவைக்கும் இளக்கி எண்ணெய் கலந்திருக்கும். தகரக் கூரைக்குக் கீழ் மூடிய பெட்டியில் பல ஆண்டுகள் வெந்தால் அது மேலே கசியும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளின் மெல்லிய பல் துலக்கி போதும். அடித்தட்டை முதலில் சமையலறை பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். டயலுக்குள் இருப்பது காகிதம், நனைந்தால் உப்பிக் கிழியும். பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துத் துலக்கினால் தண்ணீர் அடித்தட்டுக்கு ஏறாது. வெயிலில் காய வைக்காதீர்கள், மின்விசிறிக் காற்று போதும். தின்னர், அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், வண்ணம் உரிந்துவிடும். பளபளப்பு ஸ்பிரே அடித்தால் சரியாகும் என்று பலர் செய்கிறார்கள். கரைப்பான் கலந்த சில ஸ்பிரேக்கள் மென்பிவிசி மேல் காயாமலே நின்று, முன்பைவிட அதிகம் ஒட்டும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள்.

வளைந்த வாளை நிமிர்த்துவது எப்படி?

தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, இரண்டு நிமிடம் கழித்து வளைந்த பகுதியை மட்டும் 15 முதல் 20 வினாடி நனையுங்கள். விரலால் நேராக்கி, அப்படியே பிடித்தபடி ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் வையுங்கள். ஐஸ் தண்ணீரைத் தவிர்த்தால் சாயங்காலத்துக்குள் வாள் பழையபடி தொங்கும்.

கணுக்காலில் உடைந்ததற்குக் கம் காஜா எனும் சூப்பர் குளூ ஏற்றது. பிளாஸ்டிக் மாடலுக்கான பாலிஸ்டிரீன் பசை பிவிசியில் பிடிக்காது. பல்குச்சி முனையில் ஒரு புள்ளி தொட்டு வையுங்கள், டியூபிலிருந்து நேராகப் பிழியாதீர்கள். வழிந்த துளி அடித்தட்டின் ஓரத்தில் இறங்கினால் டயல் நிரந்தரமாக இறுகிவிடும். ஒட்டும்போது பொம்மையைப் படுக்க வைப்பது பாதுகாப்பு.

டயல் சுற்றவில்லை.

முதலில் காரணத்தைப் பாருங்கள். தே ஐஸ் சிந்தி, சர்க்கரை காய்ந்திருந்தால் ஓரமெங்கும் பழுப்புக் கோடு தெரியும். ஈரத்தில் தாள் உப்பியிருந்தால் ஜன்னலில் எண் அலை அலையாகத் தெரியும். உப்பியதற்கு மருந்து பொறுமைதான். சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் வைத்து, பிறகு இரு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். சர்க்கரைக்கு ஈரப் பஞ்சுக் குச்சியால் விளிம்பை மட்டும் துடையுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், தாளின் பசையும் மையும் போய்விடும். கத்தி விட்டு நெம்புவது கடைசி வழி. டயலைப் பிடித்திருக்கும் உள்கொக்கி உடைந்தால் டயல் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், அந்தப் பொம்மையை நம்பி ஆட முடியாது.

எதில் போட்டு வைப்பது?

ஐஸ்கிரீம் டப்பா நல்லது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், இளக்கி எண்ணெய் அதை அரிக்காது. கண்ணாடிபோல் மொறுமொறுப்பான, 6 என்று குறித்த பெட்டியில் பிவிசி நேராகப் படக்கூடாது. நாளடைவில் இரண்டும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். பபிள்ராப்பில் சுற்றி அனுப்புவதாக இருந்தால், உள்ளே முதலில் டிஷ்யூ தாள் சுற்றுங்கள். குமிழ்கள் வண்ணத்தில் வட்ட வட்டமாகத் தடம் விடும்.

பெட்டியில் கடன் அட்டை அளவில் கப்பல் துண்டுகள் கிடந்தன. அதுவும் இவர்களுடையதா?

ஆமாம். 2004-ல் வந்த பைரட்ஸ் ஆஃப் தி ஸ்பானிஷ் மெயின். பாலிஸ்டிரீன் அட்டையிலிருந்து துண்டுகளைப் பிரித்துக் கோத்தால் கப்பல். அச்சு எளிது, பெயிண்ட் வேலை இல்லை, விலையும் கைக்கு அடக்கம். கம்பெனியின் மிக அழகான யோசனை இதுதான் என்போம். பாய்மரமே பீரங்கி, பாய்மரமே உயிர். அதில் அச்சிட்ட எண்ணைவிடப் பகடை அதிகமாக விழுந்தால் குண்டு படும், அடிபட்ட கப்பல் ஒரு மரத்தைக் கழற்ற வேண்டும். அடிக்கடி கழற்றி மாட்டுவதால் மரத்தின் அடிநாக்கு முறியும். இங்கே பாலிஸ்டிரீன் பசை சரியாகப் பிடிக்கும், ஆனால் நாக்கை மட்டும் ஒட்டுங்கள், கப்பலோடு சேர்த்து ஒட்டிவிட்டால் ஆட்டம் போச்சு. துண்டுகளைத் திருகாமல், நேராகக் கீழே அழுத்தி அட்டையிலிருந்து எடுங்கள்.

மொத்தமாக விற்பவரிடம் வாங்கும்போது என்ன கேட்பது?

அடித்தட்டுத் தெரிகிற படம் கேளுங்கள். பொம்மையின் முகப் படம் மட்டும் வந்தால் புள்ளியும் வளைய நிறமும் தெரியாது. டயல் ஒரு முழுச் சுற்று சுற்றும் காணொளி கேட்பது மரியாதைக் குறைவில்லை. பிறகு எத்தனை வெவ்வேறு முகம் என்று எண்ணுங்கள். நூறு பொம்மை என்று சொல்வதில் முப்பது முகம்தான் இருக்கும். விலையை முகத்துக்குப் பேசுங்கள், எண்ணிக்கைக்கு வேண்டாம்.

மேஜ் நைட்டையும் ஹீரோகிளிக்ஸையும் ஒரே மேசையில் மோதவிடலாமா?

வீட்டு ஆட்டத்துக்கு விடலாம். இரண்டு சிக்கல் வரும். மேஜ் நைட் அங்குல அளவில் நகர்வது, ஹீரோகிளிக்ஸ் கட்டத்தில் நகர்வது. எல்லாரும் கட்டத்திலேயே நகரட்டும் என்று முடிவு செய்துவிடுங்கள், அளவுநாடா தேவையில்லை. டயல் எண்ணுக்குப் பின்னால் உள்ள நிறங்களின் பொருள் இரண்டிலும் வேறு வேறு, ஆகவே நிறத் திறன் எதுவும் செல்லாது என்று தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். புள்ளிகள் இரண்டிலும் ஒரே அளவுகோலில் போடப்பட்டவை அல்ல. முதல் ஆட்டம் முடிந்ததும் அணிகளை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை ஆடினால், எந்தப் பக்கம் கனம் என்று தெரிந்துவிடும்.